கெர்னல் நினைவக ஒதுக்கீடு தடுமாறும்போது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

சிஸ்டம் அவ்வப்போது சில மில்லிசெகண்டு திக்கி நிற்கிறது, டிரேஸைத் திறந்தால் நினைவக ஒதுக்கீட்டு ஃபங்ஷன்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. உடனே பலரும் கை வைப்பது ப்ரீஎம்ப்ஷன் அமைப்பில்தான், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் த்ரெட்டை நடுவில் நிறுத்தி வேறொன்றுக்கு சிபியுவைக் கொடுப்பது எப்போது என்ற அமைப்பில். நான் அதைக் கடைசியில் தொடச் சொல்வேன். ஒதுக்கீடு தாமதமாவதற்கு ப்ரீஎம்ப்ஷன் காரணமாக இருப்பது குறைவு. கோரிக்கை எந்தப் படிவரை இறங்கிப் போனது என்பதுதான் பெரும்பாலும் காரணம்.

லினக்ஸில் அந்தப் படிகள் நான்கு. கேமாலக் (கெர்னலுக்குள் நினைவகம் கேட்கும் ஃபங்ஷன்) கோரிக்கை முதலில் அந்த சிபியுவுக்கே உரிய ஸ்லப் (சிறு பொருள்களுக்கான ஒதுக்கி) பட்டியலைப் பார்க்கும். அது காலியென்றால் ஸ்லப், பக்க ஒதுக்கியிடம் பக்கம் கேட்கும். அங்கேயும் முதலில் கிடைப்பது சிபியுவுக்குத் தனியாக வைத்திருக்கும் பிசிபி பட்டியல். அதுவும் தீர்ந்தால் ஸோன் (நினைவகப் பகுதி) முழுவதற்கும் பொதுவான ஸோன் லாக்கைப் பிடித்து, காலிப் பக்கங்களை அளவுவாரியாக வைத்திருக்கும் பட்டி (buddy) ஒதுக்கியின் பட்டியல்களைத் துழாவ வேண்டும். அங்கும் இல்லையென்றால் பழைய பக்கங்களை மீட்பது, சிதறியவற்றை நகர்த்தி ஒன்றுசேர்ப்பது என்று கனமான வேலை தொடங்கும். முதல் படி சில பத்து நானோசெகண்டில் முடியும். கடைசிப் படிக்கு மில்லிசெகண்டுகள் ஆகலாம்.

கீழே சொல்வதெல்லாம் 6.12 நீண்டகால ஆதரவுக் கெர்னலை மனதில் வைத்து எழுதியது. ப்ரீஎம்ப்ட்_ஆர்டி (ரியல்டைம் வேலைக்கான கெர்னல் வகை, சுருக்கமாக ஆர்டி) முதன்மைக் கெர்னலுக்குள் வந்ததும் அந்தப் பதிப்பில்தான், 2024 நவம்பரில். அதனால் ஆர்டி, ஆர்டி அல்லாதது இரண்டையும் ஒரே மூலத்திலிருந்து கட்டி ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தொடங்குமுன் மூன்றைப் பார்த்துவிடுங்கள். யூநேம் கட்டளையை -வி உடன் கொடுத்தால் கெர்னல் எந்த ப்ரீஎம்ப்ஷன் வகையில் கட்டப்பட்டது என்று தெரியும். அதில் ப்ரீஎம்ப்ட்_டைனமிக் என்று இருந்தால், இப்போது நடப்பில் இருப்பது எது என்பதை /சிஸ்/கெர்னல்/டீபக்/ஷெட்/ப்ரீஎம்ப்ட் கோப்பு அடைப்புக்குறிக்குள் காட்டும். மூன்றாவது, பூட் வரியில் ஸ்லப்_டீபக் (ஸ்லப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் சோதனை வசதி) என்று யாராவது எழுதி வைத்து மறந்திருக்கிறார்களா என்பது. இந்த மூன்றாவதைப் பார்க்காமல் நாள் முழுக்க அலசுகிறவர்கள் நிறைய. ஏன் என்பது பின்னால் வரும்.

அறிகுறி: "ஸ்லீப்பிங் ஃபங்ஷன் கால்டு ஃப்ரம் இன்வேலிட் கான்டெக்ஸ்ட்"

கெர்னல் பதிவில் இந்த வரி வந்தால் அதற்கு அடுத்த வரியைப் படியுங்கள். இன்_அட்டாமிக் 1 என்று இருந்தால் ப்ரீஎம்ப்ஷன் தடுக்கப்பட்ட இடத்தில் தூங்கக்கூடிய ஒன்றை அழைத்திருக்கிறீர்கள். ஐஆர்கியூஸ்_டிஸேபிள்டு 1 என்றால் இன்டரப்டும் அணைந்திருந்தது. ஒதுக்கீட்டு விஷயத்தில் இதற்கு வழக்கமான காரணம் ஒன்றுதான்: ஸ்பின்லாக்கை (தூங்காமல் சுற்றிக்கொண்டே காத்திருக்கும் லாக்) பிடித்துக்கொண்டே ஜிஎஃப்பி_கெர்னல் கொடியோடு நினைவகம் கேட்பது. அந்தக் கொடிக்கு "தேவைப்பட்டால் நான் தூங்கிக் காத்திருப்பேன்" என்று பொருள். ஸ்பின்லாக் பிடித்தவர் தூங்கக்கூடாது.

ஜிஎஃப்பி_கெர்னலை ஜிஎஃப்பி_அட்டாமிக் என்று மாற்றினால் எச்சரிக்கை போய்விடும். ஆனால் அது கடைசி வழியாக இருக்கட்டும். அட்டாமிக் கோரிக்கை அவசரத்துக்கென்று ஒதுக்கிவைத்த இருப்பில் கை வைக்கிறது, தோற்கவும் கூடும். நெட்வொர்க் டிரைவரின் இன்டரப்ட் பாதைக்கு உண்மையிலேயே அந்த இருப்பு தேவை. உங்கள் அமைப்புக் கட்டளை ஒன்று லாக்குக்குள் ஒரு ஸ்ட்ரக்சர் கேட்பதற்குத் தேவையில்லை.

முதலில் முயல வேண்டியது ஒதுக்கீட்டை லாக்குக்கு வெளியே கொண்டுவருவது. லாக் பிடிக்கும் முன்பே ஜிஎஃப்பி_கெர்னலில் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு லாக் பிடித்து, அந்தப் பொருள் இன்னும் தேவையா என்று மீண்டும் சரிபாருங்கள். வேறு த்ரெட் அதற்குள் சேர்த்திருந்தால் லாக்கை விட்டபின் உங்களுடையதை விடுவித்துவிடுங்கள். அந்த மறுசரிபார்ப்பை விட்டுவிட்டால் ஒரே சாவிக்கு இரண்டு பதிவுகள் உட்காரும், அது வேறு வகைப் பிழையாக வேறொரு நாளில் வெடிக்கும். இப்படி வெளியே எடுக்கவே முடியாத இடத்தில், தோற்றாலும் சமாளிக்கலாம் என்றால் ஜிஎஃப்பி_நோவெயிட் போதும். அது தூங்காது, இருப்பையும் தொடாது. தோற்கவே கூடாது என்றால் மெம்பூல் (முன்கூட்டியே வாங்கி வைத்த தனி இருப்பு) வைத்துக்கொள்வது நல்லது.

இங்கே ஒரு குறுக்குவழி அடிக்கடி கண்ணில் படுகிறது: இன்_அட்டாமிக் உண்மையென்றால் அட்டாமிக் கொடி, இல்லையென்றால் கெர்னல் கொடி என்று கோடிலேயே தேர்ந்தெடுப்பது. பார்க்கப் புத்திசாலித்தனமாக இருக்கும், ஆனால் நம்ப முடியாது. ப்ரீஎம்ப்ட்_கவுண்ட் இல்லாமல் கட்டிய கெர்னலில் ஸ்பின்லாக் பிடித்தாலும் ப்ரீஎம்ப்ஷன் எண்ணிக்கை ஏறாது. லாக்குக்குள் நின்றுகொண்டே இன்_அட்டாமிக் "இல்லை" என்று பதில் சொல்லும். எந்தச் சூழலில் அழைக்கப்படுகிறோம் என்பது அழைப்பவருக்குத்தான் தெரியும். கொடியை அவரே அனுப்பட்டும்.

இந்த எச்சரிக்கை வர டீபக்_அட்டாமிக்_ஸ்லீப் அமைப்பு இயக்கத்தில் இருக்க வேண்டும். அது இல்லாத கெர்னலில் அதே பிழை சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும், நினைவகம் நெருக்கும் வேளையில் மட்டும் தொங்கும். சோதனைக் கெர்னலில் இதை எப்போதும் போட்டு வையுங்கள்.

அறிகுறி: சாதாரணக் கெர்னலில் ஒன்றுமில்லை, ஆர்டி கெர்னலில் மட்டும் அதே எச்சரிக்கை, அதுவும் ஜிஎஃப்பி_அட்டாமிக் இருந்தும்

இது பலரைக் குழப்பும் இடம். ஆர்டி கெர்னலில் சாதாரண ஸ்பின்லாக் என்பது தூங்கக்கூடிய லாக். ஒதுக்கிக்குள் இருக்கும் ஸோன் லாக், ஸ்லப் பட்டியல் லாக் எல்லாமே அப்படி மாறிவிடும். ஆகவே அட்டாமிக் கொடி போட்டாலும், ஒதுக்கி உள்ளே ஒரு லாக்குக்காகத் தூங்க நேரலாம். கொடி தடுப்பது பக்க மீட்பைத்தான், லாக் காத்திருப்பை அல்ல.

டிரேஸில் மேலே ஏறிப் போய்ப் பாருங்கள். மூன்றில் ஒன்று இருக்கும்: ரா ஸ்பின்லாக் (ஆர்டியிலும் தூங்காத லாக்) பிடித்திருப்பார்கள், ப்ரீஎம்ப்ட்_டிஸேபிள் அழைத்திருப்பார்கள், அல்லது லோக்கல்_ஐஆர்கியூ_சேவ் போட்டிருப்பார்கள். ஆர்டியில் இந்த மூன்றுக்குள்ளும் நினைவகம் கேட்கவும் கூடாது, விடுவிக்கவும் கூடாது. விடுவிப்பதைத்தான் பலர் மறக்கிறார்கள். கேஃப்ரீயும் அதே லாக்குகள் வழியாகத்தான் போகிறது. ரா லாக்குக்குள் விடுவிக்க வேண்டியதை ஒரு பட்டியலில் கோத்து வைத்து, லாக்கை விட்டபின் விடுவியுங்கள்.

சிபியுவுக்கு உரிய தரவைக் காக்கவென்று மட்டும் ப்ரீஎம்ப்ட்_டிஸேபிள் போட்டிருந்தால் அந்த இடத்துக்கு உரியது லோக்கல்_லாக். 5.8இல் வந்தது. சாதாரணக் கெர்னலில் அது ப்ரீஎம்ப்ஷன் தடையாகவே வேலை செய்யும், கூடுதல் செலவில்லை. ஆர்டியில் சிபியு வாரியான உண்மையான லாக்காக மாறும். எதைக் காக்கிறோம் என்று பெயர் சொல்லிக் காக்கிறது, அதனால் லாக்டெப்பும் (லாக் பயன்பாட்டைச் சரிபார்க்கும் கெர்னல் கருவி) அதைக் கண்காணிக்க முடிகிறது. வெறும் ப்ரீஎம்ப்ட்_டிஸேபிளைப் பார்த்து இது எதற்காக என்று யோசித்து உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

ஆர்டி மெஷின் கையில் இல்லையா? சாதாரணக் கெர்னலிலேயே ப்ரூவ்_ரா_லாக்_நெஸ்டிங் அமைப்பைப் போட்டுக் கட்டுங்கள். "இன்வேலிட் வெயிட் கான்டெக்ஸ்ட்" என்ற செய்தியோடு அந்த இடங்களை லாக்டெப் முன்பே பிடித்துக்கொடுக்கும்.

அறிகுறி: "பேஜ் அலோகேஷன் ஃபெயிலியர்: ஆர்டர்:5"

நினைவகம் தீர்ந்துவிட்டது என்று இதைப் படித்துவிடாதீர்கள். ஆர்டர் எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆர்டர் 0 என்றால் ஒரு பக்கம், 4 கேபி. ஆர்டர் 5 என்றால் அடுத்தடுத்து 32 பக்கங்கள், 128 கேபி. /ப்ராக்/பட்டிஇன்ஃபோ கோப்பில் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

நோடு 0, ஸோன் நார்மல் 41873 20112 3904 118 7 0 0 0 0 0 0

இடமிருந்து வலமாக ஆர்டர் 0 முதல் 10 வரை. ஒவ்வொரு எண்ணையும் அதன் துண்டு அளவால் பெருக்கிக் கூட்டினால் சுமார் 386 எம்பி காலி. ஆனால் 64 கேபி துண்டுகள் ஏழுதான், 128 கேபி துண்டு ஒன்றுகூட இல்லை. கையில் முழுக்கச் சில்லறை, பெரிய நோட்டு ஒன்றும் இல்லாத நிலைமை.

கெர்னலின் பார்வையில் ஆர்டர் 3க்கு மேல் எல்லாம் விலையுயர்ந்த கோரிக்கை. 3 வரை ஜிஎஃப்பி_கெர்னலில் கேட்டால் ஒதுக்கி விடாமல் முயலும், கிட்டத்தட்ட தோற்காது. அதற்கு மேல் கொஞ்சம் முயன்று கைவிட்டுவிடும். பிசிபி பட்டியல்களும், பெரும்பக்க (2 எம்பி) அளவை விட்டால், ஆர்டர் 3 வரைதான் வைத்துக்கொள்கின்றன. எனவே ஆர்டர் 4 அல்லது 5 கேட்கும் ஒவ்வொரு முறையும் நேராக ஸோன் லாக்குக்குப் போகிறீர்கள்.

தொடர்ச்சியான பௌதிக நினைவகம் தேவையில்லாத இடமென்றால் கேவிமாலக் பயன்படுத்துங்கள். பெரிய துண்டு கிடைக்காதபோது, சிதறிய பக்கங்களைக் கோத்துத் தரும் விமாலக்குக்கு அது மாறிக்கொள்ளும். ஆனால் தூங்கக்கூடிய சூழலில் மட்டும். அட்டாமிக் கொடியோடு அதை அழைப்பது பொருந்தாது. சாதனத்துக்கே தொடர்ச்சி வேண்டுமென்றால் தொடக்கத்திலேயே, நினைவகம் சிதறுமுன், வாங்கி வைத்துவிட வேண்டும். கேமாலக்கில் 8 கேபிக்கு மேல் கேட்டால் ஸ்லப் கேஷைத் தாண்டி நேராகப் பக்க ஒதுக்கிக்குப் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். 8200 பைட் கேட்டால் 16 கேபி போய்விடும்.

ஆர்டர் 0, அட்டாமிக் கொடி, அப்படியும் தோல்வி என்றால் கதை வேறு. பின்னணியில் பக்கங்களை மீட்கும் கேஸ்வாப்டி த்ரெட் பின்தங்குகிறது. அதற்கான மருந்து அடுத்த அறிகுறியிலேயே இருக்கிறது.

அறிகுறி: பெரும்பாலான நேரம் வேகம், எப்போதாவது பல மில்லிசெகண்டு தாமதம்

/ப்ராக்/விஎம்ஸ்டாட் கோப்பில் அலாக்ஸ்டால் என்று தொடங்கும் எண்களையும் காம்பாக்ட்_ஸ்டால் எண்ணையும் தாமதத்துக்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிடுங்கள். அலாக்ஸ்டால் ஏறியிருந்தால், நினைவகம் கேட்ட த்ரெட்டே நேரடிப் பக்க மீட்பில் இறங்கியிருக்கிறது. காம்பாக்ட்_ஸ்டால் ஏறியிருந்தால் பக்கங்களை நகர்த்தி அடுக்கும் வேலையில். /ப்ராக்/பிரஷர்/மெமரி கோப்பில் "சம்" (சில த்ரெட்டுகளாவது காத்திருந்த நேரம்) வரியும் ஏறியிருக்கும்.

ப்ரீஎம்ப்ஷன் அமைப்பை மாற்றுவது இங்கே ஏன் உதவாது என்பது இப்போது தெளிவாகும். நேரடி மீட்பு நடக்கும் பெரும்பகுதி நேரம் அந்த த்ரெட் ப்ரீஎம்ப்ட் ஆகக்கூடிய நிலையில்தான் இருக்கிறது. யாரும் அதைத் தடுத்து வைக்கவில்லை. அதுவே வேலை செய்துகொண்டிருக்கிறது, அல்லது வட்டுக்காகக் காத்திருக்கிறது. ப்ரீஎம்ப்ட் ஃபுல் போட்டால் பக்கத்து த்ரெட்டுக்கு நல்லது நடக்கலாம். தாமதப்படும் த்ரெட்டுக்கு ஒரு மைக்ரோசெகண்டும் மிச்சமாகாது.

செய்ய வேண்டியது கேஸ்வாப்டியை முன்கூட்டியே எழுப்புவது. காலி நினைவகம் லோ குறிக்குக் கீழே போனால் அது எழும், ஹை குறியைத் தொட்டதும் தூங்கும். மின் (மினிமம்) குறிக்குக் கீழே போனால்தான் கேட்பவர் தலையில் வேலை விழும். லோவுக்கும் மின்னுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் கேஸ்வாப்டிக்குக் கிடைக்கும் அவகாசம். வாட்டர்மார்க்_ஸ்கேல்_ஃபேக்டர் அந்த இடைவெளியை நிர்ணயிக்கிறது. இயல்பு மதிப்பு 10, அதாவது நினைவகத்தில் 0.1 சதவீதம். 64 ஜிபி மெஷினில் அது ஏறக்குறைய 64 எம்பி. நெட்வொர்க்கிலிருந்து விநாடிக்கு ஒரு ஜிபி உள்ளே வருகிறதென்றால் 64 மில்லிசெகண்டில் தீர்ந்துவிடும் அவகாசம் அது. 100 என்று வைத்தால் பத்து மடங்கு. மின்_ஃப்ரீ_கேபைட்ஸ் மதிப்பை ஏற்றுவது அட்டாமிக் கோரிக்கைகளின் அவசர இருப்பைக் கூட்டும். இரண்டும் ஒன்றல்ல. நேரடி மீட்பைத் தவிர்க்க முதலாவது, ஆர்டர் 0 அட்டாமிக் தோல்விக்கு இரண்டாவது. இரண்டையும் சேர்த்து ஏற்றிவிட்டு எது உதவியது என்று தெரியாமல் நிற்காதீர்கள்.

காம்பாக்ட்_ஸ்டால் மட்டும் ஏறுகிறதென்றால் பெரும்பக்கங்களைச் சந்தேகியுங்கள். ட்ரான்ஸ்பரன்ட்_ஹியூஜ்பேஜ் அடைவில் டீஃப்ராக் கோப்பு ஆல்வேஸ் என்றிருந்தால், ஒவ்வொரு பக்கப் பிழையும் 2 எம்பி துண்டுக்காக அங்கேயே நின்று அடுக்கிக்கொண்டிருக்கும். டிஃபர் என்று மாற்றினால் அந்த வேலை பின்னணிக்குப் போய்விடும். தாமதம் முக்கியமான சர்வரில் ஆல்வேஸ் வைப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

அறிகுறி: ஐஆர்கியூஸ்ஆஃப் டிரேஸர் பக்க ஒதுக்கியைக் காட்டுகிறது

கெர்னலின் டிரேஸிங் வசதியான எஃப்டிரேஸில் ப்ரீஎம்ப்ட்ஐஆர்கியூஸ்ஆஃப் டிரேஸரை ஓட்டுங்கள். மிக நீண்ட தடையின் முடிவில் ஃப்ரீ_பிசிபிபேஜஸ்_பல்க் அல்லது ஆர்எம்கியூ_பல்க் தெரிந்தால், இந்தக் கட்டுரையில் உண்மையான கொடுக்கல் வாங்கல் இதுதான்.

பிசிபி பட்டியல் நிரம்பி வழியும்போது பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் ஸோன் லாக் பிடிக்க வேண்டும். அதனால் கொத்தாகக் கொடுக்கிறார்கள். அந்தக் கொத்து முழுவதும் போய்ச் சேரும்வரை ஸோன் லாக் கையில், இன்டரப்ட் அணைந்த நிலை. பெரிய மெஷினில் அடிப்படைக் கொத்து 63 பக்கங்கள். ஆனால் தொடர்ந்து விடுவித்துக்கொண்டே இருந்தால் கெர்னல் கொத்தைப் பெரிதாக்கும். எவ்வளவு தூரம் என்பதை பிசிபி_பேட்ச்_ஸ்கேல்_மேக்ஸ் என்ற கட்டுமான அமைப்பு முடிவு செய்கிறது. இயல்பு 5, அதாவது 32 மடங்கு: 2016 பக்கங்கள்வரை, கிட்டத்தட்ட 8 எம்பி. பெரிய ப்ராசஸ் ஒன்று முடியும்போது மட்டும் தாமதம் துள்ளுகிறது என்றால் இதைத்தான் பார்க்கிறீர்கள்.

மதிப்பை 0 ஆக்கினால் கொத்து 63க்குத் திரும்பும், தடை நேரம் சுருங்கும், பதிலுக்கு ஸோன் லாக்கை அடிக்கடி பிடிக்க வேண்டியிருக்கும். சிபியுக்கள் அதிகமுள்ள மெஷினில் அந்த லாக்குக்காக வரிசை கட்டும். இரண்டு எல்லைகளுக்கும் நடுவே 2 அல்லது 3 வைத்து அளந்து பாருங்கள். மறுகட்டுமானம் செய்ய முடியாதவர்களுக்குப் பெர்சிபியு_பேஜ்லிஸ்ட்_ஹை_ஃப்ராக்ஷன் இருக்கிறது, ஆனால் அது பட்டியலின் உயரத்தைத்தான் மாற்றும், கொத்தின் அளவை நேரடியாக அல்ல.

ஆர்டியில் இந்த அறிகுறியே வராது. ஸோன் லாக் அங்கே தூங்கும் லாக், இன்டரப்ட் அணைவதில்லை. ஆனால் அதே லாக்குக்காக உங்கள் முன்னுரிமை த்ரெட் காத்திருக்க நேரலாம், அது டிரேஸரில் தெரியாது. அதனால்தான் ஆர்டி நிரல்கள் வேலை நேரத்தில் நினைவகமே கேட்கக்கூடாது. எம்லாக்ஆல் அழைத்துப் பக்கங்களை நினைவகத்திலேயே பூட்டி, வேண்டியதையெல்லாம் தொடக்கத்திலேயே தொட்டு வைத்துவிட வேண்டும். பூட்டிய பக்கங்களையும் அடுக்கும் வேலை நகர்த்தக்கூடும். அதைக் கட்டுப்படுத்தும் காம்பாக்ட்_அன்எவிக்டபிள்_அலௌடு ஆர்டியில் இயல்பாகவே 0, மற்றதில் 1.

அறிகுறி: ப்ரீஎம்ப்ஷனைக் கூட்டியதும் மொத்த வேகம் விழுந்தது

எந்த ஃபங்ஷன் சிபியுவைத் தின்கிறது என்று பெர்ஃப் டாப் கட்டளையில் பாருங்கள். ஸ்லப்பின் மெதுவான பாதை ஃபங்ஷன்கள் மேலே நிற்கின்றனவா? அப்படியென்றால் ஸ்லப்_டீபக் கேள்விக்குத் திரும்புவோம்.

ஆர்டி அல்லாத கெர்னலில் ஸ்லப்பின் வேகப் பாதை ப்ரீஎம்ப்ஷனையும் தடுப்பதில்லை, இன்டரப்டையும் அணைப்பதில்லை. பட்டியலின் தலையோடு ஒரு பரிவர்த்தனை எண்ணும் இருக்கும். இரண்டையும் படித்துக்கொண்டு, ஒரே கம்பேர் எக்ஸ்சேஞ்ச் கட்டளையில் இரண்டையும் சேர்த்து மாற்றுகிறது. நடுவில் யாராவது ப்ரீஎம்ப்ட் செய்து அதே பட்டியலைத் தொட்டிருந்தால் எண் மாறியிருக்கும், கட்டளை தோற்கும், மறுபடி முயலும். வேறு சிபியுவுக்கு நகர்ந்திருந்தாலும் பிடிபடும், ஏனென்றால் ஒவ்வொரு சிபியுவின் எண் வரிசையும் ஒன்றோடொன்று மோதாதபடி படி தாண்டிப் போகிறது. ஆகவே ஃபுல் ப்ரீஎம்ப்ஷனால் இந்தப் பாதைக்கு நஷ்டம் மிகக் குறைவு. ஸ்லப்_டீபக் போட்டால் இந்தப் பாதை முழுக்க மூடப்பட்டு ஒவ்வொரு கோரிக்கையும் லாக் வழியாகப் போகிறது. ஆர்டியில் அந்த லாக் தூங்கும் லாக். இழப்பு இரட்டிப்பாகத் தெரியும், பழி ப்ரீஎம்ப்ஷன் மேல் விழும்.

டீபக் இல்லை, அப்படியும் மெதுவென்றால் யார் வாங்குகிறார்கள், யார் விடுவிக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு சிபியுவில் வாங்கி இன்னொன்றில் விடுவிக்கும் வடிவத்தில் சிபியு வாரிப் பட்டியல்கள் உதவுவதே இல்லை. ஒருபக்கம் எப்போதும் காலி, மறுபக்கம் எப்போதும் வழிகிறது. விடுவிப்பதை வாங்கிய சிபியுவுக்கே திருப்பி அனுப்ப முடிந்தால் நல்லது. இல்லையென்றால் கேமெம்_கேஷ்_அலாக்_பல்க் வழியாகக் கொத்தாக வாங்குங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வேகம் குறைந்திருந்தால் மட்டும் ப்ரீஎம்ப்ஷன் மீது கை வையுங்கள். அப்போதும் காரணம் பெரும்பாலும் ஒதுக்கி அல்ல. எம்மேப் லாக் (ப்ராசஸின் முகவரி வரைபடத்தைக் காக்கும் லாக்) போன்ற ஒன்றைப் பிடித்திருந்த த்ரெட் நடுவில் பறிக்கப்பட்டு, மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். 6.13இல் வந்த லேசி வகை இதற்காகவே. ரியல்டைம் த்ரெட்டுகளுக்கு உடனே வழிவிடும், சாதாரண த்ரெட்டுகளுக்கு அடுத்த டிக் வரை பொறுக்கச் சொல்லும். 6.12இல் ப்ரீஎம்ப்ட்_டைனமிக் கெர்னல் வைத்திருப்பவர்கள் பூட் வரியில் ப்ரீஎம்ப்ட்=வாலன்டரி கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம், மறுகட்டுமானம் வேண்டாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ப்ரீஎம்ப்ட் நன் வைத்த கெர்னலில் "சாஃப்ட் லாக்அப், சிபியு ஸ்டக்" என்று வந்து, டிரேஸில் ஏதோ நீண்ட சுற்று லட்சக்கணக்கான பொருள்களை விடுவித்துக்கொண்டிருந்தால், அந்தச் சுற்றுக்குள் காண்ட்_ரீஷெட் (தேவைப்பட்டால் சிபியுவை விட்டுக்கொடுக்கும் அழைப்பு) இல்லை என்று பொருள். இயல்பு வரம்பு 20 விநாடி. லாக் எதுவும் பிடிக்காத இடத்தில் அதைச் சேர்த்தால் போதும்.

எந்த மாற்றத்துக்குப் பிறகும் தாமதத்தை அளக்கும் சைக்ளிக்டெஸ்டைச் சும்மா கிடக்கும் மெஷினில் ஓட்டி எண்ணைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். காலி மெஷினில் எல்லாக் கோரிக்கையும் முதல் படியிலேயே முடிந்துவிடும். பின்னணியில் நினைவகத்தை வாங்கி விடுவித்துக்கொண்டே இருக்கும் சுமை ஒன்றும், பெரிய கோப்புகளைப் படித்துப் பக்கக் கேஷை நிரப்பும் சுமை ஒன்றும் ஓடட்டும். ஆர்டிஎல்ஏ கருவியின் டைமர்லாட் ஆட்டோ வசதியில் ஒரு வரம்பு மைக்ரோசெகண்டைக் கொடுத்துவிட்டால், வரம்பு மீறிய கணத்தில் டிரேஸை நிறுத்தி, தாமதம் இன்டரப்டாலா, த்ரெட்டாலா, எந்த ஃபங்ஷனில் என்று பிரித்துக் காட்டும்.